தலையாட்டாத அக்கா

கூட்டத்துக்கு வருகிறவர்கள் தலையாட்டுவார்கள். அதை நம்பித்தான் என் பிழைப்பு ஓடியது. ஒரு தொண்டு நிறுவனத்தின் தூய மின்சார விழிப்புணர்வுத் திட்டத்தில் நான் களப் பயிற்சியாளராக இருந்தேன். கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் சுய உதவிக் குழுப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டுவேன். நிலக்கரிப் புகை, உருகும் பனிமலை, பிறகு மஞ்சள் சூரியன், நீலப் பலகை, சிரிக்கும் குடும்பம். முக்கால் மணி நேரம். கடைசியில் "புரிஞ்சுதாம்மா?" என்பேன். எல்லாத் தலைகளும் ஆடும். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இந்த அக்கா தலையாட்ட மாட்டார்.

முதல்முறை அவரைப் பார்த்தது தொழிற்பேட்டையின் பின்மதிலை ஒட்டிய ஊரின் சமுதாயக் கூடத்தில். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பதுக்குள் இருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. சட்டை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். வறுமை என்று நினைத்துக்கொண்டேன்.

"புரிஞ்சுதாம்மா?" என்றேன் வழக்கம்போல.

"புரியல," என்றார்.

மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முனகினாள். "அதுக்கு எப்பவும் புரியாது டீச்சர். நீ கையெழுத்து வாங்கினு போ."

"எது புரியலைக்கா?" என்று கேட்டேன்.

"தூய மின்சாரம்னு சொன்னியே. தூயன்னா இன்னா?"

"சுத்தமானது. புகை வராது, கழிவு வராது."

"யாருக்கு வராது?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். அப்படி அவர் காத்திருக்கும்போது கண்ணிமைகூட ஆடாது. எனக்கு ஐந்தே முக்கால் லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டும். "அடுத்த கூட்டத்துல விளக்கமா சொல்றேன்" என்று பதிவேட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கி, மேலே அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'பயிற்சியின் உள்ளடக்கத்தைப் புரிந்துகொண்டேன்' என்று இருந்தது. பதிவேட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"புரியலன்னு சொன்னேனே. அப்பால எப்டி கையெழுத்து போடறது?"

அந்த மாதம் என் அறிக்கையில் ஒரு கையெழுத்து குறைந்தது.

அவர் ஐந்தாவதுவரை படித்தவர். கணவர் ஆந்திரப் பக்கம் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். நல்லவர் என்று ஊரில் யாரும் அவரைச் சொல்லிக் கேட்டதில்லை. வாய்க்காரி, வம்புக்காரி, எதையும் லேசில் விடாதவர் என்பார்கள். தெருக்குழாயடியில் ஒருத்தி தன் மாமியார் கதையைச் சொன்னால்கூட, மற்றவர்கள் உச்சுக்கொட்டும் இடத்தில் இவர் நிறுத்துவார். "புரியல. அந்தம்மா சோத்த எடுத்து ஒளிச்சி வெச்சாங்களா, இல்ல நீ போடலியா?" கதை சொன்னவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஆடி மாதம் ஒருமுறை அவர்களோடு நானும் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். குழுப் பெண்களுடன் நெருக்கமாகப் பழக வேண்டும் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் சொல்லியிருந்தார். கோயில் வாசலில் கயிறு விற்கிறவன் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, "கட்டிக்கம்மா, நல்லது நடக்கும்" என்றான்.

"இன்னா நல்லது?"

"நோய் நொடி போவும்."

"எது போவும்? எனுக்கு கை நடுங்குது. அது போவுமா?"

"போவும்மா."

"எத்தினி நாள்ல?"

அவன் கையை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனான். நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நடுங்கும் கையை, மறு கையில் பிடித்திருந்த வேப்பிலைக் கொத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார். கை நடுங்குகிறது என்று அவர் சொன்னதை நான் வேடிக்கையின் ஒரு பகுதியாகத்தான் கேட்டேன்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்பது எனக்கு மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. தொழிற்பேட்டையில் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஓர் ஆலை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, ஆட்டோ பேட்டரி, சூரிய விளக்கு பேட்டரி எல்லாம் ஆயுள் முடிந்து லாரியில் அங்கே வரும். ஆண்கள் ஆசிட்டைக் கொட்டிவிட்டு மூடியை வெட்டுவார்கள். பெண்கள் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருவிப் போட்டு, பிளாஸ்டிக் ஓட்டைக் கழுவி அடுக்குவார்கள். தகடு உலைக்குப் போகும். உலை வாயில் இருந்து வரும் தூசி எல்லோர் மேலும் படியும். சட்டையில் இருந்த ஓட்டைகள் ஆசிட் தெறித்தவை. தூசிக்கு மருந்து என்று கம்பெனியில் தினமும் ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார்கள்.

"வெல்லம் எங்க போயி தூசிய புடிக்கும்னு சூப்பர்வைசர கேட்டேன்," என்றார் ஒருநாள். "துன்னுட்டு போம்மான்னுட்டான்."

எங்கள் திட்டத்தில் அந்த ஊருக்கு ஆறு சூரியத் தெருவிளக்குகள் போட்டிருந்தோம். பேட்டரிப் பெட்டியின் மேல் ஊர்ப் பெயரையும் எண்ணையும் நானே சிவப்பு பெயின்டில் எழுத வைத்தேன். திறப்பு விழாவில் மாலை போட்டுப் படம் எடுத்தோம். அடுத்த மழைக்காலத்துக்குள் நான்கு விளக்குகள் அணைந்துவிட்டன. சரிபார்க்க யாரும் வரவில்லை; செத்த பேட்டரிகளை யாரோ கழற்றிப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டார்கள். விளக்கு போட மட்டும்தான் திட்டத்தில் இடம் இருந்தது, பராமரிக்க இல்லை.

ஒரு சனிக்கிழமை நான் ஊருக்குள் நுழைந்ததும் அக்கா என்னைக் கையைப் பிடித்து ஓரமாக இட்டுக்கொண்டு போனார்.

"உன் பேட்டரி எங்கிட்ட வந்துச்சி டீச்சர்."

"எந்த பேட்டரி?"

"செவப்பு எழுத்து. எங்க ஊரு பேரு. மூணு நம்பரு. லாரியில இருந்து எறக்கறாங்க, தோ என் கைக்கே வருது. நான்தான் தகட்ட உருவுனேன்." பிடித்திருந்த கையை விட்டார். "அன்னிக்கி யாருக்கு வராதுன்னு கேட்டேன் இல்ல. நீ பதிலே சொல்லல."

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், அதுவரை எனக்கே பதில் தெரியாததுதான். அன்று வீட்டுக்குப் போய்ப் படித்தேன். ஈயத் தூசி உடம்பில் போய் என்ன செய்யும் என்று தேடித் தேடிப் படித்தேன். ரத்தம் குறையும், வயிறு முறுக்கும், மணிக்கட்டு பலமிழக்கும், கை நடுங்கும். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போனால் வீட்டிலிருக்கிற குழந்தைகளுக்கும் போகும். எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. அடுத்த கூட்டத்துக்கு நான் எடுத்துப்போன அட்டைகளில் அது எதுவும் இல்லை. அட்டை அச்சடித்தது நிறுவனம். அந்த ஆண்டு நிறுவனத்துக்கு நிதி கொடுத்தது, சமூகப் பொறுப்புக் கணக்கில், அதே பேட்டரி ஆலை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் சொல்லத் தேவையும் இல்லை.

அக்காவுக்கு அடிக்கடி மயக்கம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மியா இருக்கும்மா, மாத்திரை தரேன், கீரை சாப்பிடு" என்றார்.

"புரியல. இருந்த ரத்தம் எங்க போச்சி?"

"பொம்பளைங்களுக்கு சகஜம்தாம்மா."

"எங்க லைன்ல வேல செய்யற பதினோரு பொம்பளைக்கும் கம்மிங்கறாங்க. ஆம்பளைக்கும் கம்மிங்கறாங்க. எல்லாருக்கும் ஒண்ணா எங்க போச்சி?"

வெளியே நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார், படித்தவள் நீயாவது சொல் என்பதுபோல. "சார், இவங்க பேட்டரி ஈயத்துல வேலை செய்யறாங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம். "மாத்திரைய போட்டுப் பார்ப்போம்க்கா" என்று எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன். பஸ்ஸில் அவர் எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்.

வீட்டுக்கூரைச் சூரியத் தகடு முகாம் ஒன்று நடந்தது. தகடு போட்டால் மின்கட்டணம் குறையும், மானியம் உண்டு என்றார்கள். பட்டா வேண்டும், சொந்தப் பெயரில் மின் இணைப்பு வேண்டும், கான்கிரீட் கூரை வேண்டும். அந்த ஊரில் பாதிப் பேர் புறம்போக்கில் ஷீட் போட்ட வீட்டில் இருக்கிறவர்கள். நான் படிவத்தை வாசித்து முடித்ததும் அக்கா கேட்டார்.

"ஷீட்டு ஊட்டு மேல அடிக்கறது வேற வெயிலா?"

அதற்கு ஊரே சிரித்தது. முதல்முறையாக ஊர்ப் பெண்கள் அவர் பக்கம் நின்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் அறிக்கையில் 'பெண்கள் உற்சாகமாகப் பங்கேற்றனர்' என்று எழுதினேன்.

பிறகு ஆலையை இரண்டு மடங்காக விரிவாக்கப்போவதாகச் செய்தி வந்தது. அதற்குச் சட்டப்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். எங்கள் ஒருங்கிணைப்பாளர் என்னை அழைத்து, நான் பயிற்சி கொடுத்த பெண்களில் இருபது பேரை வேனில் கூட்டி வரச் சொன்னார். "அந்தக் கேள்வி கேக்கற அம்மா வேணாம்" என்றும் சொன்னார். எனக்கு அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இருபது பேரை ஏற்றினேன். அக்கா வீட்டுத் தெருவுக்குள் வேனை விடச் சொல்லவில்லை.

அவர் நடந்தே வந்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் மேடைக்கு அருகே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டார். வேலைக்குப் போடும் சட்டை இல்லாமல், மடிப்புக் கலையாத புடவையில் அவரை அன்றுதான் பார்த்தேன்.

கம்பெனி அமர்த்திய ஆலோசகர் திட்டச் சுருக்கத்தை வாசித்தார். பசுமை எரிசக்திக்கு நாடு மாறுகிறது, பேட்டரிகள் பெருகும், அவற்றை மறுசுழற்சி செய்வது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் தொண்டு என்றார். "உமிழ்வுகள் அனுமதிக்கப்பட்ட வரம்புகளுக்குள் பேணப்படும்" என்றார். பிறகு, மேடையில் இருந்த அதிகாரி யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார்.

அக்கா எழுந்தார். அவரிடம் மைக் போனது.

"கடைசியா சொன்னது புரியல."

ஆலோசகர் அதே வரியை மறுபடி படித்தார்.

"புரியல. தூசி வருமா, வராதா?"

"வரம்புக்குள்ள இருக்கும்மா."

"யாரு போட்ட வரம்பு? என் உடம்புல எவ்ளோ கீதுன்னு யாராச்சும் பாத்தீங்களா?"

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. அதிகாரி நல்ல மனிதர்தான். பொறுமையாகச் சுற்றிப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். "அவங்களுக்குப் பயிற்சி கொடுத்த டீச்சர் இங்க இருக்காங்களாம்" என்றார் அதிகாரி. "டீச்சர், நீங்க எளிமையா சொல்லுங்களேன்."

மைக் என் கைக்கு வந்தது. எனக்கு எல்லாம் தெரியும். ஈயத் தூசி எங்கே போகும், என்ன செய்யும், இரண்டு மடங்கு லாரி வந்தால் என்ன ஆகும் என்று அந்த மண்டபத்திலேயே எளிமையாகச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அக்கா என் பக்கம் திரும்பி, கண்ணிமைக்காமல் காத்திருந்தார். இந்த முறை நான் உண்மையைச் சொல்வேன் என்ற நம்பிக்கையோடு காத்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது.

"அக்கா, பயப்பட ஒண்ணும் இல்ல," என்றேன். "எல்லாம் பாதுகாப்பாதான் இருக்கும்னு சார் சொல்றாங்க."

அவர் தலையாட்டினார். மெதுவாக, இரண்டு முறை.

"இப்ப புரிஞ்சிச்சி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கைதட்டல் எழுந்தது. எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். அக்கா வாங்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனவரை வாசலிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டான். கூட வேலை செய்த பெண்கள் குனிந்தபடி உள்ளே போனார்கள். இரண்டு மாதத்தில் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பழவேற்காட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை கணவர் ஏரியில் மீன் பிடிக்கிறவர். என் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.

அவரைத் தேடிப் போக எனக்கு ஒன்பது மாதம் ஆனது. கரையோரத்தில் இறால் ஓடு உரித்துக்கொண்டிருந்தார். கை முன்னைவிட நடுங்கியது. ஒரு இறாலை இரண்டு மூன்று முறை பிடித்துத்தான் உரிக்க முடிந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து கொடுத்தார்.

"மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கி தங்கச்சி இட்டுனு போச்சி. அவங்க எழுதிக் குடுத்தது. படி."

ரத்தப் பரிசோதனை முடிவு. ஈயத்தின் அளவு, பக்கத்தில் இருக்க வேண்டிய அளவு.

"இருக்கக் கூடாத ஈயம் ரத்தத்துல இருக்குக்கா. ரொம்ப. பல மடங்கு."

"இது எதுனால?"

"நீங்க செஞ்ச வேலையால."

"கை நடுக்கம்?"

"அதனாலதான்."

"செரியாவுமா?"

"கொஞ்சம் குறையலாம். முழுசா ஆகாது."

உறையை வாங்கி மடித்தார். "இத்தினி சுளுவா சொல்ல வருது உனுக்கு," என்றார். "போயி அந்தப் பொம்பளைங்களுக்குச் சொல்லு. மைக்கு வோணாம். ஊடு ஊடா போயி சொல்லு."

போனேன். நிறுவன வேலையை விட்டுவிட்டு, அவரோடு வேலை செய்த பத்துப் பேர் வீட்டுக்கும் போனேன். ரத்தம் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னேன். முதல் வீட்டிலேயே என் பேச்சு தடைபட்டது.

"நீங்கதான டீச்சர் ஒண்ணும் ஆவாதுன்னு மைக்ல சொன்னீங்க?" அந்தப் பெண் குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. என் மறதிக்கு உதவுவதுபோலத்தான் கேட்டாள். "நாங்க அத்த நம்பித்தான் கீறோம்."

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "அப்ப இன்னிக்கி சொல்றது?"

ஏழு வீடுகளில் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று பேர் மட்டும் பரிசோதனைக்கு வந்தார்கள். அவர்களையும் நான் அழைத்ததால் வரவில்லை. அக்கா தன் தங்கையின் போனிலிருந்து அவர்களிடம் பேசியிருக்கிறார். மூவரையும் நான் ரயிலில் அதே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மூவருக்கும் முடிவு ஒரே மாதிரி வந்தது. திரும்பும்போது ரயிலில் நின்றுகொண்டே ஒவ்வொருவருக்கும் விளக்கினேன், எதையும் மறைக்காமல். மீஞ்சூர் தாண்டியதும் மூவரில் மூத்தவள் கேட்டாள்.

"நல்லா புரிஞ்சிச்சி டீச்சர். வேற வேல எங்க கீது?"



திங்கட்கிழமை மூவரும் ஷிப்டுக்குப் போனார்கள். இப்போதும் போகிறார்கள். வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை, ஆலைக் குழாயிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள், பிள்ளைகளை அதன்பிறகுதான் தொடுகிறார்கள். நான் அந்த ஊரில் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அதையும் வேலையை விட்ட பிறகு சொல்லிக்கொடுத்தேன். ஆலையின் இரண்டாவது உலை போன பொங்கலுக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லலாம் என்று மறுபடி பழவேற்காடு போனேன். தங்கைதான் வாசலுக்கு வந்தார்.

"அக்கா தூங்குது," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "ரெண்டாவது ஒல ஓடறத அந்தப் பொம்பளைங்க போன்லயே சொல்லிட்டாங்க."

உள்ளேயிருந்து பாத்திரத்தில் இறால் ஓடு விழும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒன்று விழும், நெடுநேரம் கழித்து இன்னொன்று விழும். "தண்ணிய மாத்தும்மே, நாறுது" என்று அக்கா யாரிடமோ சொன்னார். தங்கை கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இன்னும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றிருந்துவிட்டு, பொன்னேரி பஸ் வரும் இடத்துக்கு நடந்தேன்.